ராஜாஜி: தார் வீச்சும் துரோகிப் பட்டமும் - ஓசூர்க்காரரின் வாழ்க்கை சொல்லும் வதந்திப் பாடம்

ஓசூரில் வதந்திக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எல்லை ஊர். ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நாலு மொழி புழங்கும் தெருக்கள். சிப்காட் வந்த பிறகு பிகார், ஒடிசா, அசாம் என்று பல மாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

2012 ஆகஸ்ட்டில், பக்கத்தில் இருக்கும் பெங்களூருவில் ஒரு எஸ்எம்எஸ் வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு மத்திய அரசு தற்காலிகத் தடையே போட வேண்டியிருந்தது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கொன்றது. அதே மாதம் பெங்களூருவில் வேலை தேடி வந்த ஒரு ராஜஸ்தான் இளைஞரையும் கொன்றது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் சுற்றியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்த எல்லாக் கதையிலும் ஒரே வரிசைதான். முதலில் பயம் வருகிறது. பிறகு பயத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அப்புறம் கையில் சிக்கும் ஒருத்தர் மேல் பழி விழுகிறது.

இதை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்த ஒருவர் ஓசூருக்குப் பக்கத்திலேயே பிறந்தார். பயந்துபோன கூட்டம் அவர் மேல் பழி சுமத்தியது. இன்னொரு ஊரில், ஒரு பொய்க்குற்றச்சாட்டு கலவரமாக வெடித்தபோது நிர்வாகத்தின் தலைமையில் அவர் இருந்தார். கையில் அதிகாரம் இருந்த காலத்தில், பயத்தின் மொழியில் மற்றவர்களை அவரே பேசவும் செய்தார். அவர்தான் சக்ரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி.

தொரப்பள்ளியிலிருந்து சேலம் வரை

ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்தார். இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்குச் சேலம் மாவட்டத்தின் ஓசூர் தாலுகா. அப்பா வெங்கடார்ய ஐயங்கார் ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டப்படிப்பு, சென்னையில் சட்டம். எல்லைப்புறப் பையன்கள் இன்றும் போகிற அதே பாதைதான்.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, சீக்கிரமே பெயர் எடுத்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அப்போது, அக்ரஹாரப் பகுதிக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலையை ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்தார். தண்ணீரே தீட்டாகிவிடும் என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. குழாயில் வருவது அதே தண்ணீர்தான். மாறியது, அதைத் திறந்துவிடும் கை மட்டும். ராஜாஜி பின்வாங்கவில்லை. ஆதாரமே இல்லாத பயம் ஒரு ஊரை எப்படி ஆட்டிவைக்கும் என்று அவர் கண்ணால் பார்த்த ஆரம்ப அனுபவங்களில் இது ஒன்று.

1919-ல் காந்தியோடு பழக்கம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டார், சிறைக்குப் போனார், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை நடத்தினார். 1933-ல் அவர் மகள் லட்சுமி, காந்தியின் மகன் தேவதாஸை மணந்தார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர். உலகப்போரில் இந்தியாவைக் கேட்காமல் சேர்த்ததைக் கண்டித்து 1939-ல் பதவி விலகினார். 1940-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் கைதாகி, சுமார் ஒரு வருடம் கழித்து 1941 கடைசியில் வெளியே வந்தார்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன்னா, அடுத்த சில மாதங்களில் இதே ஆளைத்தான் வெள்ளைக்காரனின் கைக்கூலி என்றார்கள்.

1942: அப்படி என்ன பயம்?

1942-ஐப் புரிந்துகொள்ள அந்த வருஷத் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் போதும். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பு மீது குண்டு. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு. ஏப்ரல் 9-ல் திருகோணமலை. மூன்று மாதத்துக்குள் போர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவந்தார்கள். சென்னையில் அவசர வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொன்னதும், ஜனங்கள் கிடைத்த ரயிலில், மாட்டு வண்டியில் ஏறினார்கள். அரசு அலுவலகங்கள் பலவும் இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சென்னை மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆனால் எல்லோரும் பயந்த படையெடுப்பு சென்னைக்கு வரவே இல்லை.

பயம் அப்போது ஜப்பானைப் பற்றி மட்டும் இல்லை. சுதந்திரம் கிடைத்தால் யார் கையில் கிடைக்கும், நாடு உடையுமா என்ற பயமும் கூடவே இருந்தது. 1940-ல் முஸ்லிம் லீக் லாகூரில் தனி நாடு கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தது. 1942 மார்ச்சில் வந்த கிரிப்ஸ் தூதுக்குழுவும் ஏப்ரலில் தோல்வியில் முடிந்தது.

ராஜாஜி அப்படி என்னதான் சொன்னார்?

அவர் கணக்கு எளிமையானது. ஜப்பான் வாசலில் நிற்கிறது. காங்கிரஸும் லீக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் தேசிய அரசு அமையாது. லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டு, அதைக் காட்டி லீக்கைக் கூட்டுக்கு இழுப்போம், அதிகாரத்தை வாங்கி நாட்டைக் காப்போம். இதுதான் அவர் வாதம்.

1942 ஏப்ரல் 23 அன்று சென்னை மாகாண காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி இந்தக் கருத்தில் தீர்மானம் போட்டது. நாடே அதிர்ந்தது. சில நாள் கழித்து அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர் தீர்மானத்துக்கு ஆதரவாக 15 ஓட்டு, எதிராக 120. அதற்குள் காங்கிரஸ் காரியக் கமிட்டியிலிருந்து அவர் விலகியிருந்தார். ஜூலையில் கட்சி உறுப்பினர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் விட்டார். ஆகஸ்ட் 8 அன்று வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியபோது, அது தவறான நேரம் என்று சொல்லி வெளியே நின்றார்.

அவர் சொன்னது சரியா? இன்றுவரை விவாதிக்கலாம். தப்பு என்று நினைத்தவர்களுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. நாட்டைப் பிரிக்க முன்கூட்டியே சம்மதித்துவிட்டால் பேரம் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகஸ்ட்டுக்குப் பிறகு கோபம் இன்னும் கூடியதற்கும் காரணம் இருந்தது. காமராஜர் உட்பட ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தபோது இவர் வெளியே இருந்தார்.

பிரச்சினை அந்தக் கேள்விகளில் இல்லை. கேள்வி வேறு பக்கம் திரும்பியதில்தான் இருக்கிறது.

யோசனையிலிருந்து ஆளுக்கு

இவர் சொல்வது சரியா, தப்பா என்று தொடங்கிய பேச்சு, இவர் யாருடைய ஆள் என்று மாறியது. வெள்ளைக்காரனிடம் விலைபோய்விட்டார், ஜின்னாவின் ஏஜெண்ட், பதவி ஆசை பிடித்தவர். இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வசவு. கூட்டங்களில் கறுப்புக்கொடி காட்டினார்கள், ரகளை செய்தார்கள். பம்பாய் மாட்டுங்காவில் தமிழர்கள் நிறைந்த பகுதியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மீது தார் வீசப்பட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர். துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: காந்தி அப்போது ராஜாஜியின் கருத்தை ஏற்கவில்லை. பதவிகளை விட்டு வெளியே போய் மக்களிடம் கருத்தைச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். ஆனாலும் அந்த ரகளையைக் கண்டித்தார். கருத்தை எதிர்ப்பது வேறு, ஆளைத் துரோகி என்பது வேறு என்ற கோடு அவருக்குத் தெளிவாக இருந்தது.

குற்றச்சாட்டு பொய் என்று எப்படிச் சொல்கிறோம்? அடுத்து நடந்ததை வைத்துத்தான். 1943-ல், பூனாவில் காவலில் உண்ணாவிரதம் இருந்த காந்தியைச் சந்தித்துத் தன் திட்டத்தைக் காட்டினார் ராஜாஜி. காந்தி சம்மதித்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக, தொடர்ச்சியாக உள்ள வடமேற்கு, வடகிழக்கு மாவட்டங்களில் மக்கள் வாக்கெடுப்பு. பிரிவதென்று முடிவானாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்குப் பொது ஒப்பந்தம். யாரும் கட்டாயமாக இடம்பெயர வேண்டாம். ராஜாஜி திட்டம் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். 1944 செப்டம்பரில் காந்தி - ஜின்னா பேச்சுவார்த்தைக்கு அடிப்படையே இந்தத் திட்டம்தான். ஜின்னா ஏற்காததால் பேச்சு முறிந்தது.

1947 ஜூனில் காங்கிரஸே பிரிவினையை ஏற்றது. பொது ஒப்பந்தமும் இல்லை, நிதானமும் இல்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். 1942-ல் இவர் பேச்சைக் கேட்டிருந்தால் அது தவிர்ந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் விலைபோனவர் என்ற பட்டம் மட்டும் நிற்கவில்லை. அவரைத் துரத்திய கட்சியே 1945-ல் அவரைத் திரும்பச் சேர்த்தது. 1946-ல் இடைக்கால அரசில் அமைச்சர், 1947-ல் மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர். கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான்.

தார் வீசியவர்கள் யாரும் வந்து மன்னிப்புக் கேட்டதாகக் கதை இல்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் கலைந்துதான் போகும், கணக்கு ஒப்படைக்காது.

கல்கத்தா: காயமே இல்லாத கத்திக்குத்து

மேற்கு வங்க ஆளுநராக ராஜாஜி 1947 ஆகஸ்ட் 15 அன்று பொறுப்பேற்ற கல்கத்தா, முந்தைய வருஷம் பயங்கரமான படுகொலைகளைப் பார்த்த நகரம். காந்தி பேலியாகட்டாவில், ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில் தங்கியிருந்தார். முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியும் கூடவே தங்கினார். இரண்டு வாரம் நகரம் அதிசயமாக அமைதியாக இருந்தது.

ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் அந்த வீட்டுக்குள் புகுந்தது. கட்டுப்போட்ட ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முஸ்லிம்கள் கத்தியால் குத்திவிட்டதாகக் கூச்சல். ஜன்னல் உடைந்தது, செங்கல் பறந்தது. காந்தி அந்த ஆளைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். உடம்பில் கத்திக்குத்துக் காயமே இல்லை.

ஆனால் உண்மை தெரிவதற்குள் கதை தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் நகரின் பல இடங்களில் கலவரம். பயந்து வெளியேறிக்கொண்டிருந்த ஏழை முஸ்லிம்களின் லாரி மீது குண்டு வீசப்பட்டதில் உயிர்கள் போயின. செப்டம்பர் 1 இரவு காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார்.

ஆளுநர் ராஜாஜி அன்றிரவே வந்து வாதாடினார். குண்டர்கள் செய்த வேலைக்கு நீங்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. காந்தியின் எண்ணம் வேறு. குண்டர்களுக்குப் பலம் கொடுப்பது சும்மா நின்று பார்க்கும் சாதாரண ஜனங்கள்தான், அவர்கள் மனசு மாற வேண்டும் என்று நினைத்தார். போலீஸ்காரர்கள் சிலர் பணியில் இருந்தபடியே ஒருநாள் பட்டினி இருந்தார்கள். கலவரம் செய்தவர்களே வந்து ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகு, செப்டம்பர் 4 இரவு உண்ணாவிரதம் முடிந்தது. ராஜாஜி பிற்பாடு இதைக் காந்தியின் மிகப்பெரிய சாதனைகளில் ஒன்றாக மதித்தார்.

இதில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கட்டை அவிழ்த்துப் பார்க்க அன்றைக்கு ஒரு ஆள் இருந்தார். இரண்டு, பார்த்தது மட்டும் போதவில்லை. பொய் என்று நிரூபித்த பிறகும் கலவரம் வந்தது. வதந்தியை நிறுத்த உண்மையோடு கூட, அந்தந்தத் தரப்பு ஜனங்களிடம் மதிப்புள்ளவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

அப்போ ராஜாஜி இதைச் செய்யவே இல்லையா?

செய்தார். இதைச் சொல்லாமல் விட்டால் வாழ்க்கை வரலாறு அரைகுறையாகிவிடும்.

1937-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாடு கொதித்தது. எதிர்த்தவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக, வெள்ளைக்காரன் கொண்டுவந்த, காங்கிரஸே எதிர்த்த குற்றவியல் திருத்தச் சட்டத்தை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளே தள்ளியது அவர் அரசு. பெரியாரும் சிறைக்குப் போனார். காவலில் இருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள்.

அடுத்தது கம்யூனிஸ்ட் பயம். தெலங்கானா ஆயுதப் போராட்டத்துக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் என்று பெயர் வந்தாலே சந்தேகம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ராஜாஜி அப்போது எந்த அரசிலும் இல்லை. கவர்னர் ஜெனரல் பதவி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த வருஷக் கடைசியில் மத்திய உள்துறை அமைச்சரானதும், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டித்தார். 1951-ல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் கொண்டுவந்தார். 1952-ல் சென்னை மாகாண முதல்வரானவுடன், மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய 62 கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் எதிரே உட்கார்ந்திருந்த சட்டமன்றத்தில், கம்யூனிஸ்ட்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தார்.

அதே வருஷங்களில் அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி, எங்கு பார்த்தாலும் கம்யூனிஸ்ட் உளவாளி என்று பட்டியல் நீட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர், 1953-ல் ஒரு பழைய சூனிய வழக்கை நாடகமாக்கினார். 1692-ல் அமெரிக்காவில் சிறுமிகள் சிலரின் பேச்சை நம்பி 19 பேரைத் தூக்கில் போட்ட வழக்கு அது. அந்த ஊரின் பெயரும் சேலம்தான். பெயர் ஒற்றுமை தற்செயல். ஆனால் பயம் கேட்கும் கேள்வி இரண்டு சேலத்திலும் ஒன்றுதான்: நீ என்ன செய்தாய் என்பதல்ல, நீ யார்?

எல்லா எதிர்ப்பும் வெறியா?

இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அப்பன் தொழில் என்பது சாதித் தொழில்தானே, இது குலக்கல்வி என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதை வதந்தி என்றோ வெறி என்றோ சொல்ல முடியாது. திட்டம் காகிதத்தில் இருந்தது, எல்லோரும் படிக்க முடிந்தது, விளைவு என்ன என்று வாதாட முடிந்தது. அவர் நோக்கம் அதுவல்ல என்று சொன்னவர்கள் கூட, விளைவைப் பற்றிப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1942 தாருக்கும் 1953 போராட்டத்துக்கும் இதுதான் வித்தியாசம். கோபத்தின் சத்தத்தை வைத்து எது வெறி என்று முடிவு செய்ய முடியாது. கோபம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாழ்நாள் எதிரியாக நின்ற பெரியார், கடைசிவரை ராஜாஜியின் நண்பராகவும் இருந்தார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி 94 வயதில் இறந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். முப்பது வருஷம் கொள்கையில் முட்டிக்கொண்டவர்களுக்கு, ஒருவரையொருவர் விலைபோனவர் என்று நினைக்க வேண்டிய தேவை வரவில்லை.

இன்றைய ஓசூருக்கு இதில் என்ன?

2023 மார்ச்சுக்குத் திரும்பி வருவோம். அந்த வீடியோக்கள் வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்கள். தமிழகக் காவல்துறை அதை வெளிப்படையாகச் சொல்லி, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பிகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. தொழிலாளர்களின் சொந்த மொழியிலேயே விளக்கம் போனது. கல்கத்தாவில் நடந்த இரண்டு வேலையும் இங்கே நடந்தது: கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள், பயந்தவர்கள் நம்பும் ஆட்கள் மூலம் பேசினார்கள்.

2018-ல் அந்த மூதாட்டிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அவரிடமும் கேட்கப்பட்டது, என்ன செய்தீர்கள் என்ற கேள்வி இல்லை. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதே சாட்சியாகிவிட்டது. அவர் வெளியூர் ஆள் என்பது தீர்ப்பாகிவிட்டது.

ஓசூரில் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். இங்கே பாதிப் பேருக்குப் பக்கத்து அறைக்காரரின் மொழி தெரியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு எரிந்தபோது, பஸ் நின்றுபோய் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஜூஜுவாடி எல்லையை நடந்தே தாண்டியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்த நாட்கள் அவை. இந்தப் பக்கம் நின்றால் நாம் பாதிக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கம் போனால் நாம்தான் சந்தேகத்துக்குரிய வெளியூர்க்காரர்கள்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். ஓசூரிலிருந்து சீக்கிரமே போய்வந்துவிடலாம். அடுத்த முறை போனில் ஒரு வீடியோ வந்து, இவனை விடாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று சொன்னால், அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் அதைத் திரும்பப் பாருங்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்று அதில் எங்காவது தெரிகிறதா, இல்லை அவர் எந்த ஊர், எந்த மொழி என்று மட்டும்தான் இருக்கிறதா? இரண்டாவதுதான் என்றால் அனுப்பாதீர்கள்.